ஊற்றின் காதில் விழாமல்

அனலைதீவில் நன்னீர்க் கிணற்றைப் பற்றி எவரும் குறை பேசுவதில்லை. ஊற்று ஒரு பெண். தன் குறையைப் பிறர் வாயால் கேட்டால் கோபித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. சிறுவயதில் வாயில் விழும் ஓர் அடியோடு விளங்கிவிடும். தண்ணீர் அடிக்குப் போனால் ஊற்று நித்திரை என்பார்கள். உவர்த்தால் அதுவும் சொல்வதில்லை. பனங்கட்டியைக் கூடுதலாகக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள்.

அந்த வருடம் மாரி பொய்த்துவிட்டது.

பார்வதிப்பிள்ளையின் கணவன் இலட்சுமணன் தெற்கே வளவை கங்கைக் கரையில் அரசாங்க வேலை பார்த்தவன். ஆற்றுக்குள் நட்ட அளவுகோலைப் பார்த்து, நீர் எவ்வளவு நிற்கிறது என்று நாள்தோறும் மேலிடத்துக்கு அறிவிப்பது அவன் தொழில். மலையில் பிறந்து காட்டையும் வயலையும் கடந்து கடல் சேரும் அந்த ஆறு, மழை விழுந்தால் மரங்களைப் புரட்டிக்கொண்டு வரும் என்று முன்பெல்லாம் சொல்வான். ஆறே கண்டிராத அவள், கடல் எழுந்து நடந்து போவதாக நினைத்துக்கொள்வாள். இம்முறை அவன் கொண்டுவந்த கதை வேறு. ஆறு அளவுகோலின் காலுக்கும் கீழே இறங்கி, மணலில் குட்டை குட்டையாகத் தேங்கிவிட்டதாம். குட்டைகளில் நுளம்பு பெருகிக் காய்ச்சலைப் பரப்பியது. கரையிலிருந்த வீடுகளில் பிணம் தூக்கவும் ஆளில்லாமற் போயிற்று. கதையோடு குளிர்காய்ச்சலும் அவனுடன் வந்தது.

ஊர்காவற்றுறை அப்போதிக்கரி வைத்தியர் குளிசை தந்து, நல்ல தண்ணீரை நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது ஒன்றுதான் அவளிடம் இல்லை. கொடுத்ததையெல்லாம் அவன் சத்தியெடுத்தான்.

"இஞ்சாரும், இது கடல் தண்ணி" என்றான்.

அவள் அவன் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கிடையே அவன் சிரித்தான்.

"அங்கை உள்ளதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். இஞ்சை சொன்னா அடி."

அயல்வீட்டு ஞானசவுந்தரியின் கைக்குழந்தை முந்திய வாரம்தான் வயிற்றோட்டத்தில் இறந்திருந்தது. ஊர் அதற்குக் கண்ணூறு என்று பேர் வைத்தது.

ஒருநாள் காலை, தீவுகளுக்கு அதிகாரியான மணியகாரர் வந்தார். நன்னீர்ப் பீப்பாய்கள் ஏற்றிய வத்தைப் படகொன்றும் அவரோடு வந்து துறையில் நின்றது. எந்தத் தீவில் தட்டுப்பாடோ அங்கே இறக்குவதற்கு. கிணற்றடியில் வைத்து அவர் ஊர்த்தலைவரான விதானையார் மயில்வாகனத்தை விசாரித்தார். விதானையார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மாள் புண்ணியத்தில் தண்ணீருக்குக் குறையில்லை என்றார். மணியகாரர் கூடி நின்றவர்களைப் பார்த்தார். உதடு வெடித்திருந்த கந்தப்பு முன்னால் வந்தார்.

"ஊத்துக்குக் கொஞ்சம் நித்திரை ஐயா. எழும்பினா எங்களையும் அள்ளிக்கொண்டு போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஞானசவுந்தரியும் சிரித்தாள். மணியகாரர் பெருநிலத்தில் பிறந்தவர்; கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டார். வத்தையை எழுவைதீவுக்கு விடும்படி கைகாட்டினார். வத்தைக்காரன் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

பார்வதிப்பிள்ளை கையில் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டையோடு நின்றாள். ஓலையின் அடியில் கலங்கிய நீர் கொஞ்சம் கிடந்தது. அவளுடைய வாய்க்குப் பழைய அடி நினைவிருந்தது. ஆனால் தெற்கே ஓர் ஆற்றின் குறையை அவளுடைய மனிதன் நாள்தோறும் சொல்லி வந்திருக்கிறான். ஆறு அதைக் கேட்டுக் கோபித்து வற்றவில்லை. மழையில்லாமல் வற்றியது. மழை பெய்திருந்தால், சொன்ன வாயையும் நனைத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

அவள் மணியகாரரின் முன்னால் போய்ப் பட்டையை நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கோ ஐயா."

கந்தப்பு குறுக்கே வந்தார். "வாயை மூடு பிள்ளை. அவவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும் அண்ணை." கிணற்றுக்குள்ளே விழும்படியாகவே அவள் குரல் உயர்ந்தது. "கிணறு வத்திப்போச்சு. கிடக்கிறது உப்புத் தண்ணி. இதைக் குடிச்சுத்தான் சவுந்தரியின்ரை பிள்ளை செத்தது."