சரவணையின் சின்ன விரல்

தேர்தல் நடக்காமல் போன அன்று காலை, சரவணை ஊரில் வாக்குள்ள அத்தனை பேரின் இடது சின்ன விரலிலும் மை தானாக ஏறியிருந்தது. உள்ளூராட்சித் தேர்தலுக்கென்று குறித்த பங்குனி நாள் அது. பெட்டி வரவில்லை, வாக்குச்சீட்டு அச்சாகவில்லை, மை மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. தேசிக்காய், மண்ணெண்ணெய், பிளேட் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். தோல் உரிந்த இடத்தில் புதுத்தோலும் மையோடுதான் வந்தது. முட்டை விலை ஏறியதைக் கதைத்த அளவுக்குக்கூட ஊர் இதைக் கதைக்கவில்லை.

பொறுக்காதவள் கேதீஸ்வரி ஒருத்திதான். அவளுடைய ஒழுங்கையில் கிணறெல்லாம் உவர், குடிதண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும். பவுசர் எந்த ஒழுங்கைக்குப் போவதென்று சொல்வது பிரதேச சபை. அதற்காகத்தான் அவள் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றாள். பழைய சபை கலைந்தது, புதுச்சபை வரவில்லை, பவுசரும் கடைசி ஒழுங்கையை மறந்தது. யாழ்ப்பாணத்துத் தேர்தல் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். பிரதாபன் என்ற அலுவலர் கதிரை போட்டு இருத்தி, ஆணைக்குழு சுதந்திரமானது, அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, சனாதிபதியும் ஏவ முடியாது என்று விளக்கினார். அப்படியென்றால் ஏன் தேர்தல் இல்லை என்றாள். காசு வேறு ஆட்களின் கையில் என்றார்.

“தேர் உங்கடை, வடம் அவங்கடை கையிலை. அவங்கள் இழுக்காட்டி உள்ளுக்கை இருந்து மணி ஆட்டுவியளோ?”

பிரதாபனின் சம்பளமும் அந்த வடத்தைப் பிடித்தபடிதான் வந்துகொண்டிருந்தது.

இரண்டு வருசம் கழித்து, காசு வைத்திருந்தவர்களுக்கு வசதிப்பட்ட ஒரு வைகாசியில் தேர்தல் வந்தது. சரவணைப் பள்ளிக்கூடத்து வாக்களிப்பு நிலையத்துக்குப் பிரதாபன்தான் பொறுப்பு. வரிசையில் நின்ற எல்லார் விரலிலும் மை. மை இருந்தால் வாக்குப் போட்டாயிற்று என்று அர்த்தம், எல்லாரையும் திருப்பி அனுப்பும் என்று கட்சி முகவர் துஷ்யந்தன் குதித்தான். பெரிய இடத்து ஆள் ஒருவரும் போனில் அதையே சொன்னார். பிரதாபன் போனை நிறுத்தி மேசை லாச்சிக்குள் போட்டார். அந்த ஒரு நாள், அந்தக் கட்டிடத்துக்குள், அவரை ஏவ ஒருவருக்கும் உரிமை இல்லை. பிறகு முதல் ஆளாக நின்ற கேதீஸ்வரியைக் கிட்டக் கூப்பிட்டார்.

“அக்கா, சின்ன விரலிலை மை இருந்தா ஏலாது. ஆனா அந்த விரலே இல்லையெண்டா மோதிர விரலிலை பூசலாம். இல்லையெண்டு எழுதட்டோ?”

“கையைப் பாத்துக்கொண்டே பொய் எழுதப் போறியளோ?”

“அந்த அதிகாரம் இண்டைக்கு எனக்கு இருக்கு.”

“எழுதுங்கோ. இந்த விரலாலை எனக்கு ஒரு குடம் தண்ணியும் வரேல்லை.”

எழுதி முடித்ததும் விரல் போய்விட்டது. இரத்தமும் இல்லை, நோவும் இல்லை, அவ்விடம் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருந்தது. கேதீஸ்வரி ஒரு தரம் பார்த்தாள், போய் வாக்கைப் போட்டாள். பின்னால் நின்ற ஐயாத்துரை எதையும் கேட்காமல் கையை நீட்டினார். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க நீட்டிவிட்டது. கடைசியாக வந்து நீட்டியவன் துஷ்யந்தன்.

கேதீஸ்வரி வென்றாள். பவுசர் இப்போது கடைசி ஒழுங்கைக்கும் வருகிறது. சரவணை வாக்காளருக்கு இடது சின்ன விரல் இல்லை என்ற பிரதாபனின் அறிக்கை ஊராரின் கைகளோடு ஒத்துப்போனதால் மேலிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாகாண சபைத் தேர்தல் மட்டும் இன்னும் தள்ளிப்போகிறது, எப்போது என்று ஆணைக்குழுவுக்கே தெரியாது. சரவணையில் எல்லாரும் இடது மோதிர விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி வலக்கையில் போட்டுக்கொண்டார்கள்.