அரைச் சுற்று தளர்த்தவும்

அக்காவும் தம்பியுமாக நடத்திய அந்த வாஷிங் மிஷின் ரிப்பேர் கடையில் வேலைப் பிரிவினை ரொம்பத் தெளிவு. பேசுவது அக்கா, கேட்பது தம்பி. வாடிக்கையாளர்களை அக்கா போனிலேயே சமாளிப்பாள். தம்பி வீட்டுக்குப் போய் மிஷினைக் கேட்பான். ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற மிஷின் மேல் வைப்பான், கைப்பிடியைக் காதில் அழுத்துவான், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பான். பிறகு "பின்பக்க பேரிங்" என்பான். கழற்றிப் பார்த்தால் பின்பக்க பேரிங்தான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் காது பொய் சொன்னதில்லை. எல்லோரும் அவனைக் காதுக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கும் அதில் தலைக்கனம் உண்டு. வெயில் காலத்திலும் மஃப்ளர் சுற்றாமல் பஸ் ஏறமாட்டான்.

அப்படிப்பட்ட காதுக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கேடு வந்தது.

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிற ஒரு அம்மாள், மிஷின் ஆட்டம் போடுகிறது என்று கூப்பிட்டிருந்தார். காதுக்காரன் போனான், ஸ்குரூ டிரைவரை வைத்தான், கண்ணை மூடினான். முதலில் ஒரு 'டொம்'. அப்புறம் கிர்ரென்று ஒரு இழுவை. யாரோ தண்ணீருக்குள் விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், ஏதோ கேட்டுக்கொண்டே போனது. இரண்டு நிமிடம் ஐந்தாகி, ஐந்து பத்தாகிவிட்டது.

"என்னங்க பிரச்சினை?" என்றார் அந்த அம்மாள்.

"ஒரு கால் உயரம் கம்மியா இருக்குங்க. அப்புறம்..." என்று தயங்கினான். "உள்ள ஒரு பொம்பளை இருக்காங்க."

அவர் ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அது பக்கத்து ரூம்ல ஓடுற பாட்டுங்க. ஸ்பானிஷ். கிராமத்துப் பழைய பாட்டை எடுத்து, கம்ப்யூட்டர்ல கண்ட கண்ட சத்தத்தையெல்லாம் சேர்த்துப் பாடுறாங்க. எனக்குப் பிடிக்கும். கேக்குறவங்களை எல்லாம் ஒண்ணா சேர்த்தா ஒரு பஸ்கூட நிரம்பாது."

"என்ன சொல்றாங்க பாட்டுல?" என்று கேட்டவன், அவர் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்துவிட்டான். "வேணாம், சொல்லாதீங்க. அர்த்தம் புரிஞ்சா அதுலயே புத்தி போயிடும். சத்தம் கேக்காது."

உயரம் குறைந்த காலைத் திருகிச் சரிசெய்துவிட்டு, பாட்டைத் தன் போனில் வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். பஸ்ஸில் கேட்டான், குளிக்கும்போது கேட்டான், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டான். வாயில் இருக்கிற சோற்றை விழுங்க மறந்தான். பாட்டென்றால் தொடங்கும், முடியும், நடுவில் யாராவது அழுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். இது எங்கேயும் போகவில்லை. ஒரே இடத்தில் சுற்றியது, சுற்றச் சுற்ற நன்றாகவும் இருந்தது. பன்னிரண்டு வருஷம் சுற்றுகிற சாமான்களுக்கு முன்னால் நின்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் பாட்டு உள்ளே போனதும் பழைய காது வெளியே போய்விட்டது. எந்த மிஷினைக் கேட்டாலும் இனித்தது. தேய்ந்த பெல்ட் கீச்சிட்டால் "ஆஹா" என்றான். சலவைக்கடைக்காரரின் பெரிய மிஷின் முன்னால் முக்கால் மணி நேரம் தலையாட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "அருமையா இருக்கு, கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் கடைக்குத் திரும்பிச் சேர்வதற்குள் அந்த மிஷின் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை நடந்தே வந்திருந்தது. குழாய் அறுந்து, பதினாறு கோட்டும் ஒரு திரைச்சீலையும் நுரையில் மிதந்தன.

சலவைக்கடைக்காரர் போனில் அக்காவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடு அதை."

"எதை?"

"ஸ்குரூ டிரைவரை."

அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "திங்கள்கிழமைல இருந்து வேற ஆள் வருது. மிஷின்ல ஒரு கருவியைச் சொருகினா என்ன ரிப்பேருன்னு அதுவே எழுதிக் காட்டுமாம். நீ இங்க உக்காந்து போன் எடு."

"அக்கா, நான் போன்ல பேசுவேனா? எனக்குப் பேச வராதே!"

"கேக்கவும்தான் வரல."

அந்த வார்த்தை அவனை அடித்துப் போட்டுவிட்டது. அவனிடம் படிப்பு கிடையாது, சாமர்த்தியம் கிடையாது. நான்கு பேர் நடுவில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தது ஒரு காது. அதுவும் போனால் அவன் வெறும் மஃப்ளர்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவுக்கே பொறுக்கவில்லை. "அப்படி என்னதான் இருக்கு அதுல? போடு பாக்கலாம்" என்று அவன் போனைப் பிடுங்கி, கழற்றி வைத்திருந்த ஒரு காலி டிரம்முக்குள் வைத்துப் பாட்டைப் போட்டாள். டிரம் கணீரென்று முழங்கியது. காதுக்காரன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நூறு தடவை சொக்கிப்போய்க் கேட்ட பாட்டை முதல்முறையாகத் துக்கத்தோடு கேட்டான்.

சட்டென்று நிமிர்ந்தான்.

"அக்கா, அந்த 'டொம்' இருக்குல்ல... அது மேளம் இல்ல. வாஷிங் மிஷின். எடைக்கல் போல்ட் லூஸ்!"

டிரம் துள்ளாமல் இருக்க மிஷினுக்குள் ஒரு கனமான சிமென்ட் கட்டியை முடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் எடைக்கல்.

"யாரு மிஷின்?"

"பாடுறாங்களே, அந்தம்மா மிஷின். மேல்பக்கக் கல்லு, இடதுபக்க போல்ட். இப்படியே ஓட்டினா ஒரு நாள் கல்லு பிச்சுக்கிட்டுத் தொட்டியை உடைச்சிடும். யாராவது சொல்லணும்!"

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல பண்ணின சத்தம்னு நீதானே சொன்னே? உனக்குக் காதோட சேர்ந்து மூளையும் போயிடுச்சு."

"எழுதிக் கேப்போம். நான் சொன்னது தப்புன்னா வாழ்நாள் முழுக்க இந்த போனை நானே எடுக்கிறேன். சரின்னா என் ஸ்குரூ டிரைவரைக் குடுத்துடு."

"சரி" என்றாள் அக்கா. அவளுக்கு ஜெயித்த பந்தயமாகவே தெரிந்தது.

அக்கா போனில் கேட்டுக்கொண்டதும், மொழிபெயர்ப்பு அம்மாள் அன்றைக்கே ஸ்பானிஷில் எழுதிப் பாடகிக்கு அனுப்பினார். 'மேல்பக்க எடைக்கல், இடது போல்ட், உடனே கவனிக்கவும்' என்பதை எழுதி முடிப்பதற்குள் சிரிப்பு தாங்காமல் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாராம். சனி போனது. ஞாயிறு போனது. காதுக்காரனுக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டைக் கேட்கவும் மனசு வரவில்லை.

திங்கள்கிழமை காலை கருவிக்காரப் புது ஆள் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் மொழிபெயர்ப்பு அம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"பதில் வந்திருக்கு! படிக்கிறேன், கேளுங்க. 'அது ஆத்தங்கரையில துணி துவைக்கிறவங்க பாடின பாட்டு. எங்க ஊர் ஆறு வத்திப்போச்சு. அதனால என் சமையலறை வாஷிங் மிஷின் சத்தத்தை எடுத்து ஆத்துக்குப் பதிலா வெச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க எழுதினதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தேன். மேல்பக்கக் கல்லு, இடதுபக்க போல்ட். நீங்க யாரு?'"

அக்கா அங்கே இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆறு வற்றிப்போனதை நினைத்தா, போல்ட்டைச் சரியாகச் சொன்னதை நினைத்தா, அவனுக்கே தெரியவில்லை. அவள் பையிலிருந்து சாவியை எடுத்து டிராயரைத் திறந்தாள்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் மொழிபெயர்ப்பு அம்மாள். "'எங்க மெக்கானிக் போல்ட்டை இறுக்கி முடுக்கிட்டான். இப்ப மிஷின் சத்தமே போடல. அடுத்த மாசம் மிஷினையும் மேடையில ஏத்தி ஓட விட்டுப் பாடணும். தயவுசெஞ்சு சொல்லுங்க, பழையபடி எப்படிக் கெடுக்கிறது?'"

காதுக்காரன் மஃப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்தில் சத்தம் வேண்டுமென்று அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"எழுதிக்குங்க" என்றான், நாக்கு ஒட்டாமல். "இடது போல்ட்டை அரைச் சுத்து தளர்த்தணும். கழண்டு வராம இருக்கப் பின்னால இன்னொரு நட்டு போடணும். ஓட விட்டு, சத்தத்தைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பச் சொல்லுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் பதிவு வந்தது. ஸ்குரூ டிரைவரின் முனையைப் போன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினான். "கொஞ்சம் அதிகம். கால் சுத்து முடுக்கச் சொல்லுங்க." மறுபடி பதிவு வந்தது. மறுபடி கண்ணை மூடினான். புது ஆள் தன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. சலவைக்கடைக்காரர்தான். வேறு இரண்டு பேர் பார்த்தும் ஆட்டம் நிற்கவில்லையாம், மிஷினைக் கேட்க ஆள் வேண்டுமாம். காதுக்காரன் வந்தால் போதுமாம், போனதெல்லாம் போகட்டுமாம்.

"வருவான், கொஞ்சம் பொறுங்க" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "இப்ப அவனை எழுப்ப முடியாது. வெளிநாட்டுல ஒரு மிஷினைக் கெடுத்துக்கிட்டு இருக்கான்."