தலைகீழாக நின்ற சேறு

சேற்றுக்குழாயைத் தலைகீழாக நிறுத்தி வைத்த மறுநாள் காலை, நீர்த்தேக்கத்துக்கு வயது குறையத் தொடங்கியது. வைத்தவள், ஊரார் ரசாயனக்காரி என்று அழைக்கும் நீர் ஆய்வாளர். நீர்த்தேக்கத்தின் அடியில் வருடா வருடம் அடுக்கடுக்காகப் படிந்த ஆள் உயரச் சேற்றைக் கண்ணாடிக் குழாயில் உருவி எடுத்துவந்த அலுப்பில், மேல் எது கீழ் எது என்று பார்க்காமல் ஆய்வகத்து மூலையில் சாத்திவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும். அடியில் கிடந்த பழைய காலம் மேலே வந்துவிட, தண்ணீரும் பின்னோக்கி நடந்தது.

முதலில், பாசியைக் கொல்லக் கொட்டிய மயில்துத்தத்தின் கைப்பு போனது. அப்புறம் சோப்பு ஆலை வருவதற்கு முந்தைய தண்ணீர் வந்தது; அதில் பாஸ்பரஸ் இல்லை, ஆகவே பச்சைப் பாசியும் இல்லை. பிறகு பெட்ரோல் புகையின் ஈயமும் கழன்றுகொண்டது. ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. குடிக்கிற தண்ணீர் நன்றாக இருந்தால் காரணமா கேட்டுக்கொண்டிருப்பார்கள்!

தலைகால் புரியாமல் குதித்தவன் அவள் கணவன்தான். அவன் நீச்சல் வாத்தியார். தண்ணீர் பச்சையான நாள் முதல் பிள்ளைகளைப் பெஞ்சில் குப்புறப் போட்டுக் கைகால் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். ‘கட்டாந்தரை வாத்தியார்’ என்று ஊர் கேலி செய்தால் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். இப்போது சாப்பாட்டுக்குக்கூடக் கரையேறவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அவள் ஓடிப்போய்க் குழாயைப் பார்த்தாள். ஈயத்தைத் தாண்டினால் கொஞ்சம் சுத்தமான களிமண், அதையும் தாண்டினால் புல்வேரோடு வயல் மண். அது அணை கட்டுவதற்கு முந்தைய காலம். அங்கே தண்ணீரே கிடையாது.

“நேரா நிமிர்த்தி வைம்மா,” என்றார் ஆய்வகத்துக்கு ஓடிவந்த அவளுடைய மேலதிகாரி.

“நிமிர்த்தினா பழையபடி பச்சையாயிடும் சார். இவரு மறுபடி பெஞ்சுக்குத்தான் போகணும்.”

ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றிருந்த கணவன், “என்னைப் பார்க்காத. ஊருக்குத் தண்ணி வேணும். நிமிர்த்திடு,” என்றான். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

குழாயைத் தூக்கித் திருப்பினாள். பாதி வழியில், அது அவள் கைகளில் படுத்த வாக்கில் இருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. “யாரும் அசையாதீங்க!” என்று கத்தினாள், அசைந்தது அவள் மட்டும்தான் என்றாலும். மூன்று பேருமாக அதை மேஜைமேல் கிடத்தி, உருளாமல் இருபுறமும் தலையணை வைத்தார்கள். இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. பெருக்க வருகிறவர்கள் ஓசைப்படாமல் சுற்றிப் பெருக்குகிறார்கள். சோப்பு ஆலையின் கழிவு, தனக்கு இன்னும் காலம் வரவில்லை என்று கரையோடு திரும்பிவிடுகிறது.

அன்று மாலை கணவன் அவளைத் தண்ணீருக்கு இழுத்துப் போனான். அத்தனை வருடமும் அதைச் சொட்டுச் சொட்டாகச் சோதித்தவள், ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. “கையை விட்டீங்க, கொன்னுடுவேன்,” என்றாள். அவன் விட்டுவிட்டான். அவள் முங்கினாள், ஒரு வாய் குடித்தாள், மிதந்தாள்.

“எப்படிடீ இருக்கு?” என்றான்.

“நல்லா இருக்கு,” என்றாள், எதையும் சோதிக்காமல்.