எழுத்தருகே நின்ற கோடுகள்

பழைய வெள்ளி நாணயங்களுக்குத் தரம் போடுவது எங்கள் வேலை. மூன்று பேர், மூன்று அறைகள், அறைக்கு ஒரே ஒரு விளக்கு. நாணயம் யாருடையது என்று தெரியாது. உறைமேல் எண் மட்டும் இருக்கும். தெரிந்தவருடையது என்று சந்தேகம் வந்தாலே எழுந்து போய்விட வேண்டும். இந்த விதியை மற்றவர்களுக்கு வாய் ஓயாமல் ஓதுபவள் நான்தான். எனக்கு இங்கே 'கறார்' என்று பட்டப்பெயர். முன்கோபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். என் கண்மீது எனக்கிருந்த கர்வம் அதைவிடப் பெரியது.

அன்று மூன்றாவதாக வந்த நாணயத்தை, விளிம்பைப் பிடித்து விளக்கடியில் சாய்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அதில் பொறித்திருந்த தலையைச் சுற்றி இருந்த வெற்றிடம் முழுக்கக் கண்ணாடி. அச்சைப் புதிதாக மெருகேற்றியதும் அடிக்கிற முதல் சில நாணயங்களுக்கு மட்டும் இந்தப் பளபளப்பு வாய்க்கும். புரூஃப்லைக் என்போம். எழுத்து அச்சிட்ட அட்டையை எதிரே பிடித்து, எவ்வளவு தூரம் வரை பிம்பத்தில் படிக்க முடிகிறது என்று பார்ப்போம். நான்கு விரற்கடை வந்தாலே நல்ல நாணயம். இதில் ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் கடைசி வரிவரை தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன் எவனோ ஒரு தொழிலாளி அச்சைத் தேய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவன் கை வேலை என் முகத்தை எனக்கே காட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் பொறித்த தலையின் காதுக்குக் கீழே அந்தக் கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டது. கடுகில் கால்வாசி. இதை முன்பே பார்த்திருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அத்தான் ஆசை ஆசையாக இதை என் கையில் கொடுத்தார். டியூப் லைட் வெளிச்சம், எனக்கோ பசி. அரை நிமிஷம் பார்த்தேன். பளபளப்பின் நடுவே மெல்லிய கோடுகள். யாரோ துணி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், தேய்த்தால் மதிப்பே போச்சு, இது செத்த நாணயம் என்று தீர்ப்புச் சொன்னேன். அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அலமாரியில் தூசி தட்டுபவள் அவள்தான். தொடவே இல்லை என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வெள்ளி தன்னைத்தானே துடைச்சுக்காதுக்கா" என்றேன்.

மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மறுநாளே அத்தான் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அக்கா அதன்பின் என் வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது லென்ஸை எடுத்தேன். கோடுகள் எழுத்தருகே வந்ததும் நின்றன. தலையருகே வந்ததும் நின்றன. கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. துணியால் துடைத்திருந்தால், மேடாக இருக்கிற கன்னத்திலும் மூக்கிலும்தானே முதலில் கீறல் விழுந்திருக்கும்? விளக்கைப் பக்கவாட்டில் இறக்கினேன். கோடுகள் பள்ளமாக இல்லை, மேடாக இருந்தன. அச்சைத் தேய்த்தபோது அச்சில் விழுந்த கீறல்கள், நாணயத்தில் மேடாகப் பதிந்திருக்கின்றன. அச்சில் தலையும் எழுத்தும் பள்ளம் என்பதால் தேய்ப்பு அங்கே எட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் இது.

யாரும் துடைக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

எழுந்து போய்த் தலைமை அதிகாரியிடம், தெரிந்த நாணயம் என்றேன். நாணயத்தைப் பற்றி வேறெதுவும் சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு நடையில் உட்கார்ந்தேன். என்னைப் போன்ற வாயாடிக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும், செய்த பாவம் கழிய. மற்ற இருவரும் தனித்தனியே எழுதியது ஒன்றேதான்: அபூர்வமான ஆழக் கண்ணாடி, கைபடாதது.

முடிவைப் பதிந்த பிறகு தலைமை அதிகாரி விண்ணப்பத்தைக் காட்டினார். அத்தான் பெயர் இல்லை, அக்கா பெயர். அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'தரம் வேண்டாம். துணியால் துடைத்திருக்கிறதா என்று மட்டும் சொல்லவும்.'

போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லி அழுதேன்.

"நிஜமாவே நான் தொடலையா?" என்றாள் அக்கா. "எல்லாரும் சொல்லிச் சொல்லி, தெரியாம துடைச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. அதான் அவர்கிட்ட கேட்டு வாங்கி அனுப்பினேன்."

மறுநாள் அக்காவும் அத்தானும் வந்தார்கள். நாணயம் இப்போது உள்ளே இருப்பது தெரிகிற, முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அக்காவை என் நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அதில் தன் கண் தெரிந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். இத்தனை அழகையா நான் ஆறு வருஷம் குற்றவாளி மாதிரி நின்று பார்த்தேன் என்று முணுமுணுத்தாள். அத்தான் அலமாரிச் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

பெட்டியோடு கையில் எடுத்துப் பாரேன் என்றேன். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்தபடியே இருந்தன.

"வேண்டாம்டி" என்றாள். "அப்புறம் நான் தொட்டேன்னு சொல்வீங்க."