நாற்பத்தோரு ஓட்டு

பெரம்பலூர், அரியலூர் வட்டார ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கத்துக்கு 1946ஆம் வருஷம் சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்தல் வைத்திருந்தார்கள். சங்கத்தின் காரியதரிசி சிங்காரவேலு வாத்தியார்தான் தேர்தல் அதிகாரி. அரியலூரில் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் நான்காம் வகுப்பு எடுக்கிறவர். நாற்பத்தைந்து வயது. மனைவி இறந்துபோய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது, பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடமும் சங்கமும் கொளஞ்சியப்பனும்தான் அவருக்கு உலகம்.

கொளஞ்சியப்பன் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரையோர கிராமம் ஒன்றில் ஓராசிரியர் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். ட்ரெயினிங் படித்த காலத்திலிருந்தே இரண்டு பேரும் ஒட்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிங்காரவேலு அங்கே போய்விடுவார். கொளஞ்சியப்பன் மனைவி புஷ்பவல்லி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்; அவர் வருகிற அன்று மட்டும் குழம்பில் காரம் குறைத்து வைப்பாள்.

சங்கத்தின் விதிகளை எழுதினதே இந்த இரண்டு பேர்தான். அதற்கு முன்னால் கை தூக்கித்தான் ஓட்டு. பள்ளிக்கூடம் நடத்துகிற மானேஜர் யாராவது வாசலில் வந்து நின்றால் போதும், தூக்கின கை பாதியிலேயே இறங்கிவிடும். அதை மாற்றி, பேர் அச்சடித்த சீட்டு, தனி மறைப்பு, பூட்டின பெட்டி என்று ரகசிய ஓட்டைக் கொண்டுவந்தார்கள். இருபத்தொரு நாள் முன்னதாக நோட்டீஸ் போகவேண்டும். அபேட்சகராக நிற்கிறவரை ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் முன்மொழியவேண்டும், வேறொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் வழிமொழியவேண்டும். நேரில் வந்தவர்தான் ஓட்டுப் போடலாம். ஏழாவது விதி கொளஞ்சியப்பனே சொல்லிச் சேர்த்தது. ஓட்டுப் போட ஆரம்பிக்கும் முன்னால் அபேட்சகர் யாராவது இறந்த செய்தி வந்தால், அதிகாரி அன்றைய தேர்தலை நிறுத்திவிட்டுப் புதுத் தேதி குறிக்கவேண்டும். இதெல்லாம் எதற்கு என்று சிங்காரவேலு கேட்டபோது, எழுதி வைத்துவிட்டால் ஒரு கவலை விட்டது என்றார் கொளஞ்சியப்பன்.

ஒன்பது வருஷமாகத் தலைவராக இருந்தவர் இளையபெருமாள், உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷர்தான். ஆனால் மானேஜர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வாய்ச்சொல்லில் ஒரு வாத்தியாரை அனுப்பினால்கூட, பார்த்துப் போங்க என்று வாத்தியாருக்குத்தான் புத்தி சொல்லுவார். நீக்குவதாக இருந்தால் காரணம் காட்டி எழுத்தில் உத்தரவு தரவேண்டும் என்று மாவட்டச் சங்கத்தில் கேட்பதற்காகவே கொளஞ்சியப்பன் தலைவருக்கு நின்றார். நிற்கச் சொல்லி நச்சரித்தவர் சிங்காரவேலு. முதலில் கொளஞ்சியப்பன் ஒத்துக்கொள்ளவே இல்லை. நாலு சனிக்கிழமை பேசிப் பேசித்தான் கையெழுத்து வாங்கினார்.

ஒத்துக்கொண்ட பிறகு கொளஞ்சியப்பன் சும்மா இருக்கவில்லை. லீவு நாளில் எல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாடாலூர், வாலிகண்டபுரம், பெரம்பலூர் என்று ஒரு பள்ளிக்கூடம் விடவில்லை. போன இடத்துத் தண்ணீரைக் குடித்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, கறுத்து இளைத்துப் போனார்.

தேர்தலன்று காலை எட்டரை மணி இருக்கும். சிங்காரவேலு அரியலூரில் தன் வகுப்பறையில் ஓட்டுப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, மறைப்புக்காகக் கரும்பலகையை மூலையில் சாய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். புஷ்பவல்லியின் தம்பி, பாவாடை என்று பேர். சட்டையெல்லாம் வேர்வை. அவன் முகத்தைப் பார்த்ததுமே சிங்காரவேலுவுக்குக் கை நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாந்திபேதி கண்டதாகவும், ஊரில் ஏற்கெனவே நாலைந்து பேருக்கு இருந்ததாகவும், இன்றைக்கு விடிகாலையில் மாமா போய்விட்டதாகவும் பாவாடை சொன்னான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து மத்தியானத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சிங்காரவேலு வந்த பிறகுதான் எடுக்கவிடுவேன் என்று அக்கா உட்கார்ந்திருக்கிறாளாம்.

"பஸ்ஸுக்கு நிக்காதீங்க. யார்கிட்டயாவது சைக்கிளை வாங்கிட்டு இப்பவே கிளம்புங்க" என்றான்.

சிங்காரவேலு பெஞ்சில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. வாசலுக்கு வெளியே புங்க மரத்து நிழலில் வாத்தியார்கள் இரண்டு மூன்று பேராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். பெரம்பலூர்க்காரர்கள் முதல் நாளே வந்து தங்கியிருந்தார்கள். சொன்னால் தேர்தல் நின்றுபோகும். மறுபடி இந்த வெயிலில் இவ்வளவு பேரையும் யார் கூட்டுவது? கொளஞ்சியப்பன் இல்லாமல் மறுபடி யார் நிற்பது? ஆறு வாரம் சைக்கிள் மிதித்து அலைந்தவனுக்கு எத்தனை பேர் போடுவார்கள் என்பது தெரியாமலே போய்விடும். ஒரு தடவை ஜெயிக்கட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது. அது மட்டும் இல்லை, அந்த வீட்டுக்குப் போய் உயிர் போன அந்த முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அதை அவர் தனக்குள்ளேயே ஒத்துக்கொள்ள வெகுநாள் பிடித்தது.

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வந்துடறேன். இங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றார்.

பாவாடை சைக்கிளை எடுத்தான்.

பத்து மணிக்கு ஓட்டுப் பதிவு தொடங்கியது. சிங்காரவேலு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார், பூட்டினார், சாவியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைத்தார். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து சீட்டை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் பின்னால் போனார்கள். கொளஞ்சியப்பன் பேரைக் கூப்பிட்டபோது, இன்னும் வரலையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வழியில் இருப்பார் என்று இளையபெருமாளே சொன்னார். சிங்காரவேலு பட்டியலில் அந்தப் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அவர் குரல் மாறவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஒரு மணிக்குப் பதிவு முடிந்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு எண்ணினார்கள். மொத்தம் அறுபத்தெட்டுச் சீட்டு. ஒன்றில் இரண்டு பேருக்கும் குறி இருந்ததால் செல்லாது. இளையபெருமாளுக்கு இருபத்தாறு. கொளஞ்சியப்பனுக்கு நாற்பத்தொன்று.

யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். வாலிகண்டபுரத்திலிருந்து வந்திருந்த சம்பூர்ணம் டீச்சர், காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓய்கிறவரைக்கும் சிங்காரவேலு நின்றுகொண்டே இருந்தார்.

"கொளஞ்சியப்பன் இன்னிக்கு விடிகாலையில தவறிட்டாரு" என்றார். "காலையிலேயே எனக்குத் தெரியும்."

ஒருவர் ஏழாவது விதியைச் சொன்னார். இன்னொருவர், விதி கிடக்கட்டும், ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லையா என்று கேட்டார். சம்பூர்ணம் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சிங்காரவேலு எல்லாருக்கும் முன்னால் சீட்டுகளைக் கட்டி அரக்கு வைத்தார். அன்றைய தேர்தல் செல்லாது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சவாரி வண்டி பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினவர் இளையபெருமாள்தான். ஏறுங்க என்றார். கீழப்பழுவூர் தாண்டின பிறகு மாட்டின் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்.

"காலையில சொல்லியிருந்தீங்கன்னா, பஸ்ஸைப் புடிச்சாவது நாங்க ஒரு இருபது பேரு போய்ச் சேந்திருப்போம் சார். வாந்திபேதிச் சாவுக்கு ஊர்ல எவன் தோள் குடுப்பான்?"



இளையபெருமாள் சொன்னபடிதான் ஆகியிருந்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மூன்று மணி வரைக்கும் புஷ்பவல்லி எடுக்கவிடவில்லையாம். இன்ஸ்பெக்டர் சத்தம் போட்ட பிறகுதான் விலகியிருக்கிறாள். தோள் கொடுக்கப் பாவாடையும் தலையாரியும் மட்டும்தான் வந்தார்கள். இரண்டு பேரால் தூக்கமுடியாமல் மாட்டு வண்டியில் ஏற்றித்தான் கொள்ளிட மணலுக்குக் கொண்டுபோனார்கள். எட்டு வயசுப் பையன் வண்டிக்குப் பின்னால் கொள்ளிச் சட்டியோடு நடந்து போனானாம்.

புஷ்பவல்லி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளையபெருமாள் வாசலிலேயே நின்றுவிட்டார். சிங்காரவேலு எதிரே போய் உட்கார்ந்தார். என்ன சொல்லுவது என்று தெரியாமல், வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்ததையே சொன்னார். கொளஞ்சியப்பன் ஜெயித்துவிட்டார், நாற்பத்தோரு பேர் போட்டிருக்கிறார்கள் என்றார்.

அவள் நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ராத்திரி நெனவு இருந்த வரைக்கும் எலெக்ஷனைப் பத்தி அவரு ஒரு வார்த்தை கேக்கல சார்" என்றாள். "சிங்காரம் வந்துட்டானா, சிங்காரம் வந்துட்டானான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அவர் வெளியே வந்தபோது இளையபெருமாள் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, சிங்காரவேலு தனியாக ஆற்று மணலுக்கு நடந்தார். சிதை அடங்கிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அவருக்கு அழுகை வந்தது.

ஆடியில் மறுபடி தேர்தல் வைத்தார்கள். எதிர்த்து யாரும் நிற்காததால் இளையபெருமாளே தலைவரானார். எழுத்தில் உத்தரவு தரவேண்டும் என்ற கோரிக்கையை அவரே மாவட்டச் சங்கத்துக்கு எடுத்துப்போய்ப் படித்தார் என்று சொன்னார்கள். அது அங்கே கோப்பில் கிடந்தது. சிங்காரவேலுவைக் காரியதரிசி பதவியிலிருந்து யாரும் விலக்கவில்லை. அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். புஷ்பவல்லி பையனைக் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இரண்டு கடுதாசி போட்டார். பதில் இல்லை.

அந்த ஓராசிரியர் பள்ளிக்குப் போக ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. வாந்திபேதி வந்த ஊர், ஆறு மாசம் பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது. சிங்காரவேலு அரியலூர் வேலையை விட்டுவிட்டு அங்கே மாற்றல் கேட்டு எழுதினார். கேட்டதும் கிடைத்தது.

ஐப்பசியில் மழையோடு மழையாகப் போய்ப் பூட்டைத் திறந்தார். பதினேழு பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மேஜை இழுப்பறையில் வருகைப் பதிவேடு இருந்தது. சித்திரை மாதப் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கொளஞ்சியப்பன் கையெழுத்து. வலது பக்கம் சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து. சிங்காரவேலு அந்தப் பட்டியலைப் பார்த்தே பேர் கூப்பிட்டார். அய்யாக்கண்ணு என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் முன்வரிசையில் இருந்த சிறுமி எழுந்து நின்று, அவன் அந்தச் சித்திரையிலேயே செத்துப்போய்விட்டான் என்றாள்.

சிங்காரவேலு பேனாவை மையில் தொட்டார். அந்தப் பேரை அடிக்க மனசு வரவில்லை. மை சொட்டி மேஜையில் விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.