பள்ளிக்கூட முகவரி

"இவரோட இந்த வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

சமையலறைத் தரையில் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஆம்புலன்ஸ்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார். டார்சி யோசிக்கவில்லை. இரண்டு வருடமாக யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில் நுனிநாக்கில் இருந்தது.

"நாங்கதான். நான், என் வீட்டுக்காரர், பொண்ணு."

"அப்ப எப்ப விழுந்தார்னு தெரியுமா? ராத்திரி சத்தம் ஏதாவது கேட்டுதா?"

அவள் அங்கே இருந்தால்தானே கேட்பதற்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லோரிங்கில், தன் வீட்டில், தன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்கதவை ஒட்டி மகள் கிரெட்டா புத்தகப் பையும் வயலின் பெட்டியுமாக நின்றிருந்தாள். அவள் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் வழிந்தது. படுக்கையிலிருந்து எழுந்து வந்த பிள்ளை எதுவும் காலில் பனியோடு நிற்காது.

"கேக்கல," என்றாள் டார்சி. "அசந்து தூங்கிட்டேன்."

அவர் பூட்ஸைப் பார்த்தாரோ இல்லையோ, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உடம்பு சில்லுனு ஆயிருக்கு. ராத்திரி எப்பவோ விழுந்திருக்கார். விழுந்த உடனே போகல, பாவம். கொஞ்ச நேரம் உசுரோட இருந்திருக்கார்," என்றார். மேசைக்கு அடியில் கிடக்க வேண்டிய கம்பளம் சுருண்டு, சுவரில் போன் இருக்கும் பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. டார்சி அதைக் குனிந்து சரிசெய்யப் போனாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

வாசலில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது.

"அம்மா, நான் போகணுமா?" என்றாள் கிரெட்டா.

"இன்னிக்கு வேணாம்மா."

கேட்டது மகள் தப்பல்ல. தினமும் அந்தப் பேருந்துக்காகத்தான் விடியும் முன்னே எழுப்பி, காரில் போட்டு, பாலம் தாண்டி, பின் சந்தில் நிறுத்தி, பின்கதவு வழியாக அவளை இந்த வீட்டுக்குள் கொண்டுவருவது. தாத்தா ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, மேலே பழுப்புச் சர்க்கரை தூவி வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்போல முன்வாசல் வழியாக இறங்கி பஸ் ஏறவேண்டும். தாத்தா வாசலில் நின்று காப்பிக் கோப்பையை ஓட்டுநரைப் பார்த்து உயர்த்துவார். பெக்கம் ஹைட்ஸ் பள்ளிக்கூடத்தார் விவரமானவர்கள். ஊருக்கு வெளியே இருந்து யாராவது பிள்ளையைத் திருட்டுத்தனமாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க, காரில் ஆள் உட்காரவைத்து வாசலைக் கவனிப்பார்கள். பின்வாசலை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

கணவன் நீலுக்கு அரிசோனாவிலிருந்து ஒஹையோவுக்கு மாற்றல் வந்தபோது, ஒரே ஒரு வாரக் கடைசியில் அலைந்து பிடித்த வீடு லோரிங் வீடு. பெக்கம் ஹைட்ஸில் அந்த விலைக்குக் கார் நிறுத்தும் கொட்டகைகூடக் கிடைக்காது. லோரிங்கில் பெரிய தோட்டம், இரண்டு குளியலறை, பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் என்று வீட்டு விளம்பரத்தில் போட்டிருந்தது. ஏழு ஒன்றும் மோசமில்லையே என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த வருடமே பள்ளி வரியை ஏற்றவா என்று ஊரில் ஓட்டுப்போட்டு, வேண்டாம் என்று முடிவாயிற்று. பள்ளி பஸ் நின்றுபோனது. பாட்டு வாத்தியார் போனார். ஒரே அறையில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை அடைத்தார்கள். ஏழு எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

அப்போது அப்பாதான் சொன்னார். "என் விலாசத்தைக் குடு. விலாசம் சும்மாதான கெடக்கு." கொஞ்சம் பொறுத்து, "இல்லேன்னா எல்லாரும் இங்கயே வந்துடுங்களேன்," என்றார்.

"ஒரே பாத்ரூம்ல நாலு பேரா? நாப்பது வயசுக்கு மேல அப்பா வீட்ல இருக்கவா?" என்று டார்சி சிரித்தாள். அதன்பிறகும் ஓரிரு முறை கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்பாவை எடுத்துப் போனபிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. டார்சி கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

மதியம் எதிர்வீட்டு பெவர்லி வந்தாள். கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடித் தட்டு. பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் பாலேடும் சேர்த்து ஓவனில் வேகவைத்தது. அந்தத் தெருவில் யார் செத்தாலும் பெவர்லி கொண்டுவருவது அதுதான். அழுது கண் வீங்கியிருந்தது.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

"வேணாம்டியம்மா, உக்காந்தா அழுதுருவேன்." தட்டை நீட்டியவள் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "ராத்திரி பூரா உங்க சமையக்கட்டு வெளக்கு எரிஞ்சுது. தண்ணி குடிக்க எந்திரிச்சப்பல்லாம் பாத்தேன். முன்ன மாதிரின்னா ஓடி வந்திருப்பேன். உங்கம்மா போனப்பறம் எத்தன வாட்டி அந்த வெளக்கப் பாத்துட்டுப் போன் பண்ணிருக்கேன் தெரியுமா? லென், இன்னும் தூங்கலயாய்யான்னு கேப்பேன். நீ ஏன் முழிச்சிருக்கன்னு அவரு என்னத் திட்டுவாரு."

டார்சி தட்டின் சூட்டை விரல்களில் உணர்ந்தபடி நின்றாள்.

"இப்பத்தான் நீ கூடவே இருக்கியே. பொண்ணு பரீட்சைக்குப் படிக்குதுபோலன்னு நெனச்சு படுத்துட்டேன். நீ இருக்கியேங்கற தைரியந்தான், வேற என்ன."

"ஆமா ஆன்ட்டி," என்றாள் டார்சி.

கதவைச் சாத்தியபிறகு அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் அப்பாவின் நாற்காலிமேல் வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. பள்ளிக்கூடத்தாரை ஏமாற்றுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி நம்பிவிடுவாள் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் டென்வரிலிருந்து தம்பி கர்ட் வந்து சேர்ந்தான். நீல் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தான். ஈமச்சடங்கு நிலையத்துக்காரர் ஃபென்விக் வருவதற்குள் மூவரும் பெவர்லியின் உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டு, யாரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கர்ட்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வீட்டு புரோக்கர்," என்றான் சங்கடத்தோடு. "நாங்களும் வீடு மாறப்போறோம். இந்தா பாரேன். எங்க ரெட்டப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல். பத்துக்குப் பத்து."

டார்சி படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. "வேலைக்கு எவ்ளோ தூரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம். ட்ராஃபிக் இல்லேன்னா."

"எப்பக் கெளம்புவ?"

"பசங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி..." அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்படிப் பாக்காத டார்சி."

அவள் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. அவர்கள் அப்பாவும் இதே கணக்குப் போட்டுத்தான் இந்த ஊரில் வீடு வாங்கினார். ஏரிக்கரை இரும்பாலைக்குப் போக அவர் கிளம்பும் நேரத்தில் நாய்கூடக் கண்விழிக்காது. திரும்பி வந்ததும் நாற்காலியில் விழுந்து குறட்டை விடுவார். நல்ல பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த அந்த இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து வெளியேறும்வரை அப்பாவோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. டார்சி சாப்பிட்டது இந்த இரண்டு வருடமாகத்தான், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. அவருக்கு அது போதும்போலத்தான் இருந்தது. தினமும் அவளுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தார்.

ஃபென்விக் வந்து மடிக்கணினியைத் திறந்தார். மெல்லிய குரல், இழவு வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு குரல். "பேப்பர்ல போடறதுக்கு எழுதிடலாமா? லெனர்ட் ஹுடாக், தன் வீட்டில் காலமானார். அவருக்குப் பின்னால, மகன் கர்ட், டென்வர். மகள் டார்சி, மருமகன் நீல், பேத்தி கிரெட்டா. நீங்க எந்த ஊர்னு போடட்டும்?"

செத்தவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களை ஊர்ப்பெயரோடு போடுவதுதான் அங்கே வழக்கம். பெக்கம் ஹைட்ஸ் வாரப் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் படிப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அம்மாள் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளின் வீட்டுக்கு இரங்கல் அட்டை அனுப்புவாள்.

"பெக்கம் ஹைட்ஸ்னு போடுங்க," என்றான் கர்ட் சட்டென்று. அக்காவைப் பார்த்து, "எனக்குத் தெரியும், அப்பா சொல்லிருக்காரு. இந்த வருசம் முடியற வரைக்கும் வீட்ட விக்க வேணாம். எங்க புது வீட்டுக்கான பணத்துக்கு நான் வேற வழி பாத்துக்கறேன். பொண்ணு படிக்கட்டும்."

நீல் பெருமூச்சு விட்டான். "ரொம்ப தேங்க்ஸ் கர்ட்."

ஃபென்விக் தட்டத் தொடங்கினார்.

"லோரிங்," என்றாள் டார்சி.

"டார்சி!"

"லோரிங்னு போடுங்க சார்."

"ஒரு வார்த்தைதானடி," என்றான் நீல். குரலை அடக்கிப் பேசினான். "உனக்குத் தூக்கமில்ல. நாளைக்கு யோசிக்கலாம். அங்க வயலின் சொல்லித்தரக்கூட ஆளில்லன்னு தெரியும்ல? அவ என்ன பண்ணுவா?"

"தெரியும்."

"அப்பறம் என்ன?"

"நான் இங்க இருந்தேன்னு அச்சடிக்கச் சொல்றியா?" டார்சி சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "அவரு அங்க போன் வரைக்கும் தவழ்ந்து போயிருக்காரு நீல். எதிர்வீட்ல வெளக்கப் பாத்துட்டு, நான் இருக்கேன்னு நெனச்சுப் படுத்துருக்காங்க. நான் இல்ல. இருக்கச் சொல்லிக் கேட்டாரு, நான் வரல. அதையாவது ஒழுங்காப் போடட்டும்."

ஃபென்விக் இதுபோல எத்தனையோ பார்த்தவர். திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நீல் எழுந்து போய் ஜன்னலருகே நின்றான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மாடிப்படியில் கிரெட்டா உட்கார்ந்திருந்ததை டார்சி அப்போதுதான் பார்த்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ. டார்சி போய் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"ஒன்னக் கேக்காமச் சொல்லிட்டேன்."

"ம்."

"கோவமா?"

"ஆமா." கிரெட்டா காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆர்கெஸ்ட்ராவுல என்ன இப்பத்தான் முன் வரிசைக்கு மாத்துனாங்க." முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு, "தாத்தா தெனமும் கேப்பாரு, நல்லாத் தூங்கினியாடான்னு. தூங்கினேன் தாத்தான்னு பொய் சொல்வேன்," என்றாள். "நாளைக்கு நான் தூங்கலாமாம்மா?"

"தூங்கு."

அன்றிரவு அவர்கள் அந்த வீட்டிலேயே தங்கினார்கள். டார்சியின் பழைய அறையில், டார்சியின் பழைய கட்டிலில், கிரெட்டா படுத்த உடனே தூங்கிப்போனாள்.

டார்சிக்கு மட்டும் பழக்கதோஷத்தில் இருட்டிலேயே விழிப்பு வந்தது. கீழே போய்க் காப்பி போட்டாள். ஓட்ஸ் டப்பாவை எடுத்தவள், தனக்கு மட்டும் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அதைத் திரும்ப வைத்தாள். அப்பாவின் கோப்பையில் காப்பியை ஊற்றிக்கொண்டு, முன்கதவைத் திறந்து வாசலில் நின்றாள். குளிர் கன்னத்தைக் கடித்தது. எதிர்வீட்டில் பெவர்லியின் சமையலறை விளக்கு எரிந்தது.

பேருந்து தெருமுனையில் திரும்பி, வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஓட்டுநர் கழுத்தை நீட்டி, அவளைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள் பார்த்தார். வழக்கமாக நிற்பதைவிட அதிக நேரம் நின்றார்.

டார்சி கோப்பையை உயர்த்தினாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கதவை மூடினார். பேருந்து நகர்ந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றது.