ஸ்பிரிட்டில் ஊறிய சந்தனக் கிண்ணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் முதலில் ஒரு பிணம் இருந்தது. வாரப் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர் எழுதிப் பழகிய கை. பேனாவைத் திறந்தாலே யாராவது செத்துவிடுவார்கள். ராமநாதபுரத்து நண்பர் ஒருவர், அங்கே ஒரு கடைசல்காரர் பச்சை மரத்தை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு உலர்த்துவதாகச் சொன்னார். உலர்த்துவதற்கு ஊறப்போடுவதா! அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆரம்பம்: "ஜாடியின் மூடியைத் திறந்த கடைசல்காரர் சதக் அலறினார். உள்ளே மிதந்தது ஒரு..."

(கிண்ணம். வேறென்ன மிதக்கும்? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது ஆரம்பம்: "மதுவிலக்குப் போலீஸின் ஜீப் தொண்டி சாலையில் சீறிக்கொண்டு..."

(ஜீப் வந்தால் துப்பாக்கி வரும். துப்பாக்கி வந்தால் கதாநாயகி ராக்குவின் கல்யாணம் கெடும். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

2

ராக்கு, கடலாடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி இருளாண்டியின் ஒரே மகள். கட்டினால் பரமக்குடி பஸ் கண்டக்டர் தனுஷ்கோடியைத்தான் என்று இருந்தாள், அவனும் அப்படியே. குறுக்கே நின்றவர் அவன் தாயார் பிச்சையம்மாள். தன் அண்ணன் மகளை மருமகளாக்க ஆசைப்பட்டவர். இந்தச் சம்பந்தத்தைத் தட்டிவிட ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருந்தார்.

சாக்கு அவர்கள் குடும்ப வழக்கத்திலேயே இருந்தது. நலுங்குக்குச் சந்தனம் கரைக்கிற கிண்ணம், பெண் வீட்டுக் கொல்லைப் பூவரசில் கடைந்ததாக இருக்க வேண்டும். மாமியார் அதில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடிப்பார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் கல்யாணம் நின்றுவிடும்.*

* இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள். என் கதையில் உண்டு, அவ்வளவுதான்.

இருளாண்டி இதற்கென்றே ஒரு கட்டையை வெட்டி வருஷக்கணக்காகக் காயவைத்திருந்தார். நிச்சயதார்த்த விருந்தன்று அதை அடுப்பில் வைத்தவரும் அவரே.

"அய்யா, மாட்டுக் கொட்டத்துல கெடந்த கட்டை எங்க?" என்றாள் ராக்கு.

"எந்தக் கட்டை?"

"கிண்ணத்துக்கு வச்சிருந்த கட்டை!"

இருளாண்டி முண்டாசை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அதான் அன்னைக்கு அப்பிடி நின்னு எரிஞ்சுச்சா! சமையக்காரன்கூடச் சொன்னான், வெறகுன்னா இதுதான் வெறகுன்னு."

"சாம்பலக் கடைஞ்சு குடுப்பமா, பிச்சையம்மா அத்தைக்கு?"

"கோவப்படாத ஆத்தா. மரம் அங்கனதான நிக்கிது? இன்னொரு கெளைய வெட்டுவோம்."

வெட்டினார்கள். வெட்டின வாயிலிருந்து தண்ணீர் கசிந்தது. நலுங்கோ அடுத்த மாதம்.

3

ராமநாதபுரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்த சதக், கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது மரமா, எளநியா?"

"கேலி பண்ணாத மாப்ள. புள்ள வாழ்க்கை."

"இத இப்பிடியே கடைஞ்சா, காயுறப்ப வெடிச்சிரும். மாமியாக்காரி தண்ணி ஊத்தவே வேணாம். வெடிப்பு வழியா இவளை எட்டிப் பாக்கலாம்."

"வேற வழியே இல்லையா மாமா?" என்றாள் ராக்கு.

"இருக்கு. ஊறப்போடணும்." சதக் மூலையிலிருந்த பீங்கான் ஜாடியைத் திறந்தார். இருளாண்டியின் மூக்குக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. முகம் மலர்ந்தது.

"மாப்ள, இது..."

"பாலிஷ் போடுற ஸ்பிரிட்டு. பெர்மிட்டு இருக்கு. குடிச்சா கண்ணு போயிரும், தள்ளி நில்லு. எனக்கு ஹராம், மரத்துக்கு இல்ல."

சதக் கிண்ணத்தைத் தடிமனாக, பருமட்டாகக் கடைந்து ஜாடியில் முக்கினார். மரத்திலிருக்கும் தண்ணீர் வெளியே வர, அந்த இடத்தில் ஸ்பிரிட் புகும். புகுந்த ஸ்பிரிட் சீக்கிரமே காற்றில் பறந்துவிடும். பிறகு எடுத்துத் துடைத்து, வெளிப்புறம் மட்டும் காகிதம் சுற்றிக் கவிழ்த்துவைத்தார். வெளிப்பக்கம் மெல்லக் காய்ந்தால்தான் வெடிக்காது.

(என்ன காகிதம்? என் பத்திரிகைதான். அதிலும் என் தொடர் வந்த பக்கம். அத்தனை கொலை செய்து நான் சாதிக்காததை அந்தப் பக்கம் சாதித்தது: ஒன்றை உடையாமல் காப்பாற்றியது.)

காய்ந்ததும் சதக் அதை மெல்லிசாகக் கடைந்து கொடுத்தார். ராக்கு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். ஒரு கீறல் இல்லை. முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, லேசா வாடை அடிக்குதே?"

"வெயில்ல வையி, ஓடிப்போயிரும்."

வருஷமெல்லாம் காய்கிற கடலாடியில் அந்த வாரம் பார்த்து அடைமழை. (அது என் வேலை. வெயிலடித்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

4

இங்கே பேனா நின்றது. பிச்சையம்மாள்மேல் எனக்குச் சந்தேகம். தொடர்கதை வில்லி என்றால் ஒரு புருவத்தைத் தூக்கவைத்துவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். இந்த அம்மாளுக்கு அது போதாது; வாடையைக் கண்டுபிடித்தும் சொல்லத் தயங்க ஒரு காரணம் வேண்டும். யோசித்ததில் அவருடைய அண்ணன் முனியசாமி கிடைத்தார். ஊர் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர், மேடையில் முழங்குகிறவர். வீட்டில் நடப்பது வேறு. அந்தக் குடி வாடையை ஏலக்காய் கொடுத்து ஊருக்குத் தெரியாமல் மறைத்து வந்தவர் தங்கை பிச்சையம்மாள்தான்.

அப்பாடா. இனி அவரைப் பந்தலுக்கு அனுப்பலாம்.

5

நலுங்கு. பந்தல் கொள்ளாத கூட்டம். பிச்சையம்மாள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தலைக்குமேல் தூக்கினார். மணையில் இருந்த ராக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை இறக்கும்போது அது மூக்கருகே வந்தது. அங்கேயே நின்றது.

"இதென்னடி வாடை?"

"என்ன வாடை அத்தை?"

"என்னமோ அடிக்குது. அண்ணே, இத மோந்து பாருங்க."

முனியசாமி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கிண்ணம் திரும்பி வருகிற வழியாகத் தெரியவில்லை.

"மச்சான், இங்கிட்டும் குடுங்க," என்றார் பின்னாலிருந்தவர்.

"ஏலே, தள்ளு. மூத்தவன் நான் இருக்கேன்," என்றார் இன்னொருவர்.

ராக்கு தலை நிமிராமலே சொன்னாள்: "பெரியவுகளுக்குத் தெரியாத வாடையா? இன்ன வாடைன்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லட்டும். மணையவிட்டு நானே எந்திரிச்சிர்றேன்."

வாடைக்குப் பேர் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பூவரசுன்னா இப்பிடித்தான் இருக்கும்."

"ஆமாமா, நல்ல பூவரசு," என்றார் மூத்தவர், கடைசியாக ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டு.

கிண்ணம் பிச்சையம்மாள் கைக்கு வந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். ராக்குவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

6

மூன்று முடிவு எழுதினேன்.

(அ) "சாராயம்!" என்கிறார். கல்யாணம் நிற்கிறது. கூடவே அண்ணன் மானமும்...

(ஆ) "சந்தனத்தக் கரைங்கடி," என்கிறார். இது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த அம்மாள் அவ்வளவு லேசில் இறங்கி வருவாரா?

(இ) தும்முகிறார். (வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

நான் முடிக்கப் போவதில்லை. பிச்சையம்மாள் வாய் திறந்தபடியே நிற்கட்டும். அதில் வர வேண்டிய சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தை நடத்துவதும் நிறுத்துவதும் உங்கள் பாடு.

"சாராயம்" என்று சொல்லத் துணிந்தவர் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மணையிலிருந்து ராக்கு உங்களைத்தான் பார்க்கிறாள்.

"அதெப்பிடிங்க ஒங்களுக்குத் தெரியும்?"